பாத்ரூம் நாற்றமும் அரை லிட்டர் தண்ணீரும்

தலைப்பைப் பார்த்துவிட்டு "பி.காம் படிக்கிறவனுக்கு சாக்கடையில என்னடா வேலை?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் காசு இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது, யாரோ விட்ட குறைக்கு வேறு யாரோ திட்டு வாங்குகிற கதை இருக்கிறது. எல்லாமே நம்ம பாடம்தான். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மட்டும் கை கழுவிவிட்டு அப்புறம் வரவும் :-)

விஷயம் இதுதான். குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகிற ஓட்டை இருக்கிறதே, அதிலிருந்து கிளம்புகிற கெட்ட வாடை. ஹாஸ்டலோ, வாடகை போர்ஷனோ, லோன் போட்டு வாங்கிய அபார்ட்மென்டோ, அந்த வாடையை அனுபவிக்காதவர்கள் நம் ஊரில் ரொம்பக் குறைவு. என் கட்சி என்னவென்றால், இந்த நாற்றத்தை நாம் தப்பான லெட்ஜரில் எழுதிக்கொண்டிருக்கிறோம். "சுத்தம் பத்தாது" என்ற கணக்கில் போடுகிறோம். பாதிக்கு மேல் அது "குழாய் சரியில்லை" என்ற கணக்கில் வரவேண்டிய என்ட்ரி. தப்பான கணக்கில் எழுதினால் என்ன ஆகும் என்று நமக்கு முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கடைசி வரைக்கும் டேலி ஆகாது.

நாம் என்ன செய்கிறோம்?

வாடை வந்தால் நம் வீடுகளில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த வரிசைதான். முதலில் பினாயில். இரண்டு நாளில் பினாயில் வாடையும் பழைய வாடையும் கலந்து மூன்றாவதாக ஒரு புது வாடை வரும். அடுத்து ஜாலி மேல் நாலு அந்துருண்டை. அப்புறம் சுவரில் மாட்டுகிற வாசனை வில்லை. மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவில் சாக்கடை ஓடுகிற மாதிரி இருக்கும். எதுவும் சரிப்படவில்லை என்றால் கடைசி அஸ்திரம், ஆசிட்.

ஆசிட்டும் வேலைக்கு ஆகவில்லை என்றால் ஒரு ஆளைத் தேடுவோம். எதற்கு? திட்டுவதற்கு. வீடாக இருந்தால் அம்மா, அண்ணி, புதிதாக வந்த மருமகள். "வீட்ல இத்தன பொம்பளைங்க இருந்தும் பாத்ரூம் இப்படி நாறுது" என்கிற வசனத்தைக் கேட்காத வீடு உண்டா? லேடீஸ் ஹாஸ்டலாக இருந்தால் நீள முடி வைத்திருக்கிற பெண்கள். வாடகை வீடாக இருந்தால் குடியிருப்பவர்கள். எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து எடுத்திருந்த போர்ஷனைக் காலி செய்யும்போது, "பாத்ரூம நாற அடிச்சு வச்சிருக்கீங்க" என்று சொல்லி ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் மூவாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார். அந்தப் பாத்ரூமில் குழாய்க்கு டிராப் என்ற ஒன்றே கிடையாது. தரையில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு ஜாலி, அவ்வளவுதான். அந்த நாலு பேர் தினமும் பன்னீர் தெளித்துக் கழுவியிருந்தாலும் அது நாறத்தான் செய்திருக்கும்.

வாடை எங்கிருந்து வருகிறது?

இரண்டே இரண்டு இடம்தான். ஒன்று, குழாய்க்குள்ளே இருக்கிற காற்று மேலே ஏறி வருவது. இன்னொன்று, ஓட்டையின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற வழவழப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. நாம் இரண்டுக்கும் ஒரே பினாயிலை ஊற்றுகிறோம்.

முதல் வகையைப் பார்ப்போம். உங்கள் பாத்ரூம் குழாயின் மறுமுனை செப்டிக் டேங்க்கிலோ தெருவில் போகிற கழிவுநீர்க் குழாயிலோ இருக்கிறது. அங்கே காற்று இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலான வாயுக்களை விடுகின்றன. அழுகின முட்டை நாற்றம் இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். இவ்வளவு பெரிய நாற்றக் கிடங்குக்கும் நம் பாத்ரூமுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? கதவா, வால்வா? ஒன்றுமில்லை. இரண்டு இன்ச் தண்ணீர் இருக்கிறது.

அந்தத் தண்ணீரை நிறுத்தி வைக்கிற சாதனத்துக்குத்தான் டிராப் என்று பெயர். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிப்பறைக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். ஸ்காட்லாந்துக்காரர், கடிகாரம் செய்வது தொழில். அவர் செய்தது ரொம்ப சிம்பிள். குழாயை 'எஸ்' எழுத்து மாதிரி வளைத்தார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். மேலேயிருந்து வருகிற தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், கீழேயிருந்து வருகிற காற்றால் அதைத் தாண்ட முடியாது. வாஷ்பேசின் அடியில் குழாய் வளைந்து போவதற்கும் இதே காரணம்தான். அழகுக்காக வளைக்கவில்லை.

நம் ஊர் பாத்ரூம் தரையில் இருப்பதை பிளம்பர்கள் நானி டிராப் என்பார்கள். பழைய மாடலில் ஒரு கிண்ணம், அதற்குள் கவிழ்த்து வைத்த ஒரு கப். கப்பின் விளிம்பு தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். புது மாடலில் கிண்ணத்துக்குப் பதிலாகக் குழாயே வளைந்திருக்கும். எதுவாக இருந்தாலும் பூட்டு தண்ணீர்தான். ஒரு நல்ல டிராப்பில் சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் பூட்டாக நிற்க வேண்டும்.

இந்தப் பூட்டு நான்கு விதமாகக் காணாமல் போகும்.

ஒன்று, காய்ந்து போவது. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற பாத்ரூம், மே மாத லீவில் பூட்டிக் கிடக்கிற ஹாஸ்டல், வெயில். சில வாரத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும். லீவு முடிந்து வந்து கதவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிறதே, அது ஹாஸ்டல் வார்டன் மேல் உள்ள கோபத்தில் யாரும் செய்த சதி இல்லை. பூட்டு காய்ந்துவிட்டது.

இரண்டு, கப்பைக் கழற்றுவது. முடி சிக்கித் தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று வீட்டிலேயே யாராவது அந்தக் கப்பை எடுத்து மேலே பரணில் போட்டுவிடுவார்கள். தண்ணீர் ஜோராகப் போகும். நாற்றம் ஜோராக வரும்.

மூன்று, உறிஞ்சப்படுவது. அபார்ட்மென்ட்டில் மேல்வீட்டுக்காரர் ஃப்ளஷ் செய்தால் உங்கள் வீட்டு ஓட்டை "களக் களக்" என்று பேசுகிறதா? பெரிய குழாயில் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் இறங்கும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, உங்கள் டிராப்பில் இருக்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இதைத் தடுக்கத்தான் குழாயிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் வென்ட் பைப் வைக்கிறார்கள். அது இல்லை என்றாலோ, அடைத்துக்கொண்டாலோ இந்தக் கச்சேரி தினமும் நடக்கும்.

நான்கு, பூட்டே வைக்காதது. மேலே சொன்ன நண்பர்கள் வீடு. கட்டும்போது கொஞ்சம் பணம், கொஞ்சம் ஆழம், அரை நாள் கூலி மிச்சம் பிடித்திருப்பார்கள்.

உங்கள் வீட்டில் எது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஜாலியைத் தூக்கிவிட்டு செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் பளபளத்தால் (கப் மாடல் என்றால் கப்பும் இடத்தில் இருந்தால்) பூட்டு இருக்கிறது. இல்லையென்றால் ஒரு மக் தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் பொறுங்கள். வாடை போய்விட்டால் அது வெறுமனே காய்ந்திருந்தது. போன வாடை சில மணி நேரத்திலேயே திரும்பி வந்தால் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது, அல்லது டிராப் எங்கோ கசிகிறது. தண்ணீர் நிற்கவே இல்லை என்றால் டிராப்பே இல்லை. தண்ணீர் நிற்கிறது, கப்பும் இடத்தில் இருக்கிறது, ஆனாலும் நாறுகிறது என்றால் பெரும்பாலும் வழவழப்புதான் குற்றவாளி. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு மக் தண்ணீர்.

காய்ந்த டிராப் என்ன செய்யும்?

"நாற்றம்தானே, மூக்கைப் பிடித்துக்கொண்டு குளித்துவிட்டுப் போகிறேன்" என்பவர்களுக்காக ஹாங்காங்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2003 மார்ச்சில் அங்கே சார்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்தது. அமோய் கார்டன்ஸ் என்று ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. வயிற்றுப்போக்கோடு இருந்த ஒரு நோயாளி அங்கே ஒரு வீட்டுக்கு வந்து தங்கிப் போனார். சில வாரங்களில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 42 பேர் இறந்துபோனார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்களுக்கு எப்படிப் பரவியது என்று ஆராய்ந்தபோது, முக்கியமான சந்தேகம் போய் நின்ற இடம் பாத்ரூம் தரையில் இருந்த டிராப். அங்கே நிறையப் பேர் பாத்ரூம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்துத்தான் சுத்தம் செய்வார்கள். அதாவது, சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஓட்டைக்குள் தண்ணீர் போகவே இல்லை. டிராப் காய்ந்துவிட்டது. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும், அது கழிவுக்குழாயிலிருந்த நுண்துளிகளை அந்தக் காய்ந்த ஓட்டை வழியாக வீட்டுக்குள் இழுத்தது என்பது அரசு விசாரணையின் முடிவு.

அதற்குப் பிறகு ஹாங்காங் அரசு மக்களுக்குச் சொல்லி வருகிற அறிவுரை என்ன தெரியுமா? வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஓட்டையிலும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அவ்வளவுதான். பினாயில் இல்லை, வாசனை வில்லை இல்லை. இந்தப் பதிவின் தலைப்பு அங்கிருந்துதான் வந்தது.

நம் வீட்டு ஓட்டை நாறினால் உடனே கொள்ளைநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. அந்த நாற்றம் ஒரு செய்தி. "இடையில் இருந்த பூட்டு திறந்து கிடக்கிறது" என்று சொல்கிறது. அந்தச் செய்தியின் மேல் மல்லிகை வாசனை அடித்து மறைப்பது, ஆடிட் ரிப்போர்ட்டில் வந்த குறையை வெள்ளை மை தடவி அழிப்பது மாதிரி.

இப்படி மறைப்பதில் பெரிய ஆட்களே தோற்றிருக்கிறார்கள். 1858 கோடையில் லண்டனின் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் பார்லிமென்ட் ஜன்னல் திரைகளைக் குளோரைடு ஆஃப் லைமில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அது வேறொன்றுமில்லை, நம்ம பிளீச்சிங் பவுடர்தான். நாற்றம் நிற்கவில்லை. கடைசியில் ஜோசப் பசல்ஜெட் என்ற இன்ஜினியரிடம் பொறுப்பைக் கொடுத்து ஊர் முழுக்கக் கழிவுநீர்க் குழாய் கட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. திரைக்குச் செலவழித்தது வீண், குழாய்க்குச் செலவழித்தது பலன்.

வழவழப்புக்கு என்ன வழி?

இரண்டாவது வகைக்கு வருவோம். போர் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாகிறது. அதோடு தலையில் தேய்த்த எண்ணெய், உதிர்ந்த முடி, சீயக்காய் தூள், உடம்பு அழுக்கு. இதெல்லாம் ஜாலிக்கு அடியில் சேர்ந்து பாக்டீரியாக்களுக்குக் கல்யாண விருந்து. கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ வழவழவென்று ஒட்டியிருப்பது அவை கட்டிக்கொண்ட வீடு. அந்த வீட்டுக்கு மேலே ஊற்றுகிற பினாயில் மேல் பரப்பைத் தாண்டி உள்ளே போவதே கஷ்டம்.

இதற்கு வழி, தேய்ப்பதுதான். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஜாலியைக் கழற்றுங்கள். முடியைக் கையாலோ வளைத்த கம்பியாலோ எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். பழைய டூத் பிரஷ், பாட்டில் கழுவுகிற பிரஷ், பாத்திரம் தேய்க்கிற சோப்பு. ஜாலியின் அடிப்பக்கம், கப்பின் உள்பக்கம், குழாய் வாயின் சுவர், இந்த மூன்றையும் தேய்த்துச் சூடான தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி குழாய் இளகிவிடும். குளிக்கிற சூட்டை விடக் கொஞ்சம் அதிகம் போதும். முடிந்ததும் கப்பை மறக்காமல் அதே இடத்தில் வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை செய்தால் பத்து நிமிட வேலை.

ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றினால் நுரை பொங்கி எல்லாம் போய்விடும் என்று வாட்ஸப்பில் வருகிறதே என்று கேட்பீர்கள். நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு கரியமில வாயு, தண்ணீர், கொஞ்சம் உப்பு என்று ஆகிவிடும். டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகிப் பேலன்ஸ் பூஜ்யம். கெடுதல் இல்லை. நீங்கள் பிரஷ் போட்டுத் தேய்த்தால் பலன் உண்டு, அந்தப் பெருமை பிரஷ்ஷுக்கு.

ஆசிட் வேண்டாம்

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

ஆசிட் பாட்டில் நம் வீடுகளில் பாத்ரூம் மூலையில் சாதாரணமாக இருக்கிறது. பல டாய்லெட் கிளீனர்களிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். ஒருநாள் ஆசிட் ஊற்றுவார்கள். நாற்றம் போகவில்லையே என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரோ பிளீச்சோ போடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப்போரில் 1915-ல் ஜெர்மானியப் படை ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயு. ஜன்னல் சாத்திய நாலுக்கு நாலு பாத்ரூமில் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு இது தேவையா? போதாக்குறைக்கு, குழாயில் படிந்திருக்கிற சல்ஃபைடு படிவத்தில் ஆசிட் பட்டால் இன்னும் அதிகமாக ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். டைல்ஸ் நடுவில் இருக்கிற சிமென்ட்டை ஆசிட் அரிக்கும், அந்த இடுக்கில் இன்னும் அழுக்கு சேரும். செப்டிக் டேங்க் இருக்கிற வீட்டில் அளவுக்கு மீறிய ஆசிட்டும் பிளீச்சும் அங்கே வேலை செய்கிற பாக்டீரியாவுக்கே உலை வைக்கும்.

அந்துருண்டையும் சாது இல்லை. அதில் இருக்கிற நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. மிட்டாய் மாதிரி உருண்டையாக, வெள்ளையாக, தவழ்கிற குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைக்கிறோம்.

ஆசிட் வீச்சு வழக்கு ஒன்றில் 2013-ல் உச்ச நீதிமன்றம் கடையில் ஆசிட் விற்கக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது. அவ்வளவு கட்டுப்பாடு தேவைப்படுகிற ஒரு பொருளை "எங்க பாத்ரூம் நாறுதுங்க" என்ற காரணத்துக்காக வீட்டில் வைத்திருக்கிறோம். அந்தக் காரணமே தப்பு என்பதுதான் என் வாதம். காய்ந்த டிராப்பை நிரப்பத் தண்ணீரே போதும், இல்லாத டிராப்பை ஆசிட்டால் உண்டாக்க முடியாது.

அப்படியும் ஏன் ஊற்றுகிறோம்? உண்மையான காரணம் அருவருப்பு என்று நினைக்கிறேன். அந்த ஓட்டைக்குள் கை விடக்கூடாது, தொடக்கூடாது, பார்க்கக்கூடாது. பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அதுவும் முடியாவிட்டால் "யாராவது ஆள் இருந்தா சொல்லுங்க" என்று தெருவில் போகிற தூய்மைப் பணியாளரைக் கூப்பிட வேண்டும். அவர் கையுறைகூட இல்லாமல், நாம் நேற்று ஊற்றிய ஆசிட் தேங்கி நிற்கிற குழாய்க்குள் கையை விடுவார். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் இறக்குவதையும் தடை செய்கிற சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறக்கிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உயர்த்தியது. அங்கே ஆளைக் கொல்கிற வாயுக்களில் நம் பாத்ரூமில் மெல்லிசாக வருகிற அதே ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதுதான் அதில் உள்ள பயங்கரம்.

பாத்ரூம் ஜாலிக்கு அடியில் இருப்பது நம் முடி, நம் சோப்பு, நம் அழுக்கு. கையுறை போட்டு நாமே எடுக்கலாம். ஆண்களும் எடுக்கலாம், கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

கணக்குப் பார்ப்போம்

பினாயில், வாசனை வில்லை, அந்துருண்டை, ஆசிட் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,400. ஐந்து வருடத்துக்கு 12,000. இது ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர், ஒவ்வொரு மாதமும் அழுதுகொண்டே இருக்க வேண்டும், முடிவே இல்லை. வாரம் அரை லிட்டர் தண்ணீர் என்றால் வருடத்துக்கு 26 லிட்டர். இரண்டு குடத்துக்குள் அடங்கிவிடும். தண்ணீரை மாதாமாதம் விளம்பரம் செய்து விற்க யாருக்கும் லாபமில்லை, அதனால்தான் டிவியில் வருவதில்லை.

டிராப் இல்லாத இடத்தில் தரையை உடைத்து வைப்பது பெரிய செலவுதான். அதற்கு முன் ஒரு இடைக்கால வழி உண்டு. ஓட்டைக்குள் சொருகுகிற ரப்பர் அல்லது சிலிகான் வால்வு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீர் வந்தால் திறக்கும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும். முடி சிக்கினால் சரியாக மூடாது, அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். நல்ல டிராப்புக்கு அது ஈடில்லை, ஆனாலும் ஆசிட்டை விட ஆயிரம் மடங்கு மேல்.

இந்தச் செலவை யார் செய்ய வேண்டும்? இங்கேதான் ஹவுஸ் ஓனர்களுக்கும் நமக்கும் பஞ்சாயத்து. டிராப் வைக்காததால் மிச்சமான காசு வீட்டுக்காரர் பாக்கெட்டில், அதனால் வருகிற பினாயில் செலவு குடித்தனக்காரர் பாக்கெட்டில். லாபம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு என்றால் யார் சரி செய்வார்? தமிழ்நாட்டின் 2017-ம் வருட வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் பராமரிப்பு வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, சாக்கடை அடைப்பு எடுப்பது குடித்தனக்காரர் வேலை, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது உரிமையாளர் வேலை. என்னைக் கேட்டால் ரொம்ப நியாயமான பிரிவினை. முடியை எடுக்க வேண்டியது நாம், பூட்டை வைத்துக் கொடுக்க வேண்டியது அவர்கள். அந்த நாலு நண்பர்களிடம் பிடித்த மூவாயிரத்தில் ஒரு வால்வு வாங்கிப் போட்டிருந்தால் அடுத்து வந்தவர்களாவது நிம்மதியாகக் குளித்திருப்பார்கள்.

"சென்னையில் தண்ணிப் பஞ்சம் வந்தால் ஓட்டையில் எங்கே ஊற்றுவது?" என்று ஒரு நியாயமான கேள்வி வரும். 2019 கோடையில் ஒரு லாரி தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது புரியும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று இல்லை. ஆர்ஓ மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரை ஊற்றலாம். அரிசி களைந்த தண்ணீர் மட்டும் வேண்டாம், புளித்து அதுவே நாறும். ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும்போது ஒரு மக் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுவிட்டுப் போனால் ஆவியாவது தாமதமாகும்.

முடிவாக ஒன்று. வீடு பார்க்கப் போகும்போது நாம் எல்லோரும் கேட்பது தண்ணீர் வருமா, கரண்ட் பில் எவ்வளவு, எத்தனை மாத அட்வான்ஸ் என்பதுதான். இனிமேல் பாத்ரூமுக்குள் போய் ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தெரியவில்லை என்றால் ஒரு மக் ஊற்றிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால், "டிராப் வச்சுக் கொடுங்க சார், இல்லன்னா வாடகையில குறைங்க" என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசுங்கள். வீட்டுக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். காலி செய்யும்போது பார்க்கிற பார்வையை விட அது மேல்.

டிஸ்கி: வாடை அதிகமாக வந்து தலைவலி, கண் எரிச்சல், மயக்கம் என்று இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு முதலில் வெளியே வாருங்கள். பிளம்பரைக் கூப்பிட்டால், ஏற்கனவே ஆசிட்டோ டிரெய்ன் கிளீனரோ ஊற்றியிருந்தால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். அது அவர் கை.